சூரியன் ஓரத்துல தெரியறது நெருப்பு இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல சூரியன் பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா முதல் படத்துக்கு கீழ "சூரியனிலிருந்து எழும் தீ ஜுவாலை"ன்னு போட்டிருக்கீங்களே, அதுதான் உறுத்துது. அது ப்ராமினன்ஸ், அதாவது சூரியனுக்கு மேல தொங்குற பிளாஸ்மா (மின்னேற்றம் உள்ள வாயு) மேகம். அங்க எதுவும் எரியல. சொல்லப்போனா அந்த ஏரியாவுலயே குளிர்ந்த சரக்கு அதுதான். சுத்தி இருக்கிற கொரோனா, அதான் சூரியனோட வெளி வளிமண்டலம், பத்து லட்சம் டிகிரிக்கு மேல, இது வெறும் 8,000 - 10,000 கெல்வின், அடர்த்தியும் கிட்டத்தட்ட நூறு மடங்கு. இவ்ளோ கனமான பிளாஸ்மா லேசான கொரோனா மேல எப்படி நாள்கணக்கா, சிலது வாரக்கணக்கா தொங்குதுன்னா, காந்தப்புலம் தூளி மாதிரி ஏந்திக்கிட்டிருக்கு. ஆனா தூளி ஒழுகுது!

ஒரு டம்ளர் தண்ணிய கவுத்துப் பாருங்க. காத்தோட அழுத்தம் 10 மீட்டர் உயரத் தண்ணியையே தாங்கும், அப்புறம் ஏன் கொட்டுது? அடிப்பரப்புல சின்னதா ஒரு நெளிவு விழுந்தாலும் தண்ணி இறங்குற இடத்துல இன்னும் இறங்கும், காத்து ஏறுற இடத்துல இன்னும் ஏறும், கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள மொத்தமும் காலி. இதுதான் ரேலீ-டெய்லர் இன்ஸ்டெபிலிட்டி. டம்ளர் வாயில ஒரு அட்டைய வச்சு கவுத்தா நெளிய வழியில்ல, தண்ணி நிக்கும். சூரியன்ல அட்டையோட வேலைய காந்தக்கோடுங்க பாக்குது, ஆனா அரைகுறையா: நீளவாக்குல நெளியணும்னா கோட்டையே வளைக்கணும், அது விடாது, குறுக்குவாக்குல கோடுங்க ஒண்ண ஒண்ணு தாண்டி நழுவிட்டா போதும், தடுக்க ஆளில்ல. போதாக்குறைக்கு அங்க மின்னேற்றமே இல்லாத அணுக்களும் நிறைய, அதுங்க காந்தப்புலத்த நேரடியா மதிக்கவே மதிக்காது, அயனிங்க (மின்னேற்றம் உள்ள அணுக்கள்) மேல முட்டி மோதித்தான் கொஞ்சம் அடங்குது.

2006ல ஜப்பான் அனுப்புன ஹினோடே விண்கலத்தோட தொலைநோக்கி இத கண்ணுக்கு நேரா காட்டுச்சு. அடியில ஒரு கருப்புக் குமிழி உப்புது, அதோட மேல்விளிம்பு நெளியுது, அங்கேர்ந்து கருப்பா புகை மாதிரி வினாடிக்கு 10, 20 கிலோமீட்டர் வேகத்துல கிளம்புது, பக்கத்துலயே பளிச்சுன்னு இழை இழையா கீழ வழியுது, ஒவ்வொரு இழையும் சில நூறு கிலோமீட்டர் அகலம்தான். இந்த லட்சணத்துல இந்த வகைக்கு "அமைதியான ப்ராமினன்ஸ்"னு பேரு, வச்சவங்க ரொம்ப தூரத்துலேர்ந்து பாத்திருப்பாங்க போல.

அதனால அடுத்த தடவ ஒத்தப் படம் போடாம, சில நிமிஷ இடைவெளில எடுத்த நாலு படத்த வரிசையா போடுங்க. பக்கம் பத்தலன்னா என் லெட்டர வெட்டிக்கோங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்