அடுத்த ஆயத்தையும் ஓது, மோனே

மோனே,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். வாப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. தக்கலையில் நல்ல மழை, பின்னால் நின்ற ஏத்தன் வாழை சாய்ந்துவிட்டது. சின்ன மாமி வீட்டு விசேஷம் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குளச்சல் போயிருந்தோம். பேத்தி ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். மருமகள்தான் கட்டஞ்சாயா கொண்டுவந்து தந்தாள். அடுக்களைப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. நான் ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

வாப்பாவிடம் போனில் குர்ஆனின் நிஸா ஸூராவில் 34ஆவது ஆயத்தை, பிணங்கும் பெண்சாதிக்கு உபதேசம், படுக்கையில் ஒதுக்கல், பிறகு அடி என்று வரும் வசனத்தை, ஓதிக் காட்டினாயாமே. உன் ஓதல் எவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாதா? ரஜபில் பீரப்பா பள்ளியில் ஞானப்புகழ்ச்சி பாடும்போது உப்பா பக்கத்தில் உட்கார்ந்து நீயும் பாடுவாய், பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலில் 34ஐ ஓதினவன் 35க்கு முன்னால் ஏன் நிறுத்தினாய்?

அவர்களுக்குள் பிளவு வரும் என்று பயந்தால், அவன் குடும்பத்தில் ஒருவர், அவள் குடும்பத்தில் ஒருவர் என்று நடுவர் வையுங்கள் என்று அதில் இருக்கிறது. அதே ஸூராவில் 128ஆவது ஆயத், புருஷன் பிணங்குவான், முகம் திருப்புவான் என்று பெண் பயந்தால் என்ன செய்யலாம் என்று சொல்கிறது. 19ஆவது ஆயத், அவர்களோடு நல்லபடியாக வாழுங்கள் என்கிறது. நீ அதையெல்லாம் ஓதாதவனா? தீர்ப்பை மனசில் முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, சாட்சிக்கு மட்டும் வேதத்தைக் கூப்பிட்டால் அது நமக்கு வேண்டியதை மட்டும்தான் காட்டும் மோனே. “போதையில் இருக்கும்போது” என்பதை விட்டுவிட்டு “தொழுகையை நெருங்காதீர்கள்” என்பதோடு நிறுத்தினவன் கதையை மதரஸாவில் சொல்லிச் சிரித்தவர்கள்தானே நீங்கள்.

ஹிஜ்ரி 37இல் ஸிப்பீன் போரில் கலீஃபா அலி (ரலி) எதிர்த்தரப்போடு பேசித் தீர்க்க நடுவரை ஏற்றபோது, தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே என்று சொல்லிப் பிரிந்து போனார்களே காரிஜிய்யாக்கள், அவர்கள் குர்ஆன் தெரியாதவர்களா? ஸுஜூதால் நெற்றி தழும்பேறினவர்கள். வார்த்தை உண்மை, அதைக்கொண்டு நாடுவது பொய் என்றார் அலி (ரலி). அவர்களிடம் பேசப் போன இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துக் காட்டியதில் இந்த 35ஆவது ஆயத்தும் உண்டு. புருஷன் பெண்சாதி வழக்குக்கே அல்லாஹ் மனுஷரை நடுவராக வைக்கச் சொல்லியிருக்கிறான், உம்மத்தின் ரத்தத்துக்கு வைக்கக்கூடாதா என்று கேட்டார். பலர் திரும்பி வந்தார்கள். அந்த 34இல் வரும் அடி எப்படிப்பட்டது என்று கேட்டபோதும், பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி போன்றதால் என்றுதான் அவர் சொன்னார் என்று குர்ஆன் விளக்கமான தப்ஸீரில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களோ, போர்க்களத்தில் அல்லாமல் ஒரு பெண்ணையோ வேலையாளையோ கையால் அடித்ததே இல்லை என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். அந்த வீட்டில் சண்டையே நடக்கவில்லையா? மனைவியரோடு பிணங்கி ஒரு மாதம் தனியே இருந்தார்கள். அப்போதும் கை ஓங்கவில்லை.

மகன் என்பதால் நானும் உன் பக்கத்துக்குத் தோதானதை மட்டும் பார்த்துவிடக்கூடாது என்றுதான் மார்க்கம் படித்த ஆலிமாவிடம் போய்க் கேட்டேன். பேர் சொல்லவில்லை. அவரும் அடுத்த ஆயத்தை வாசித்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி வண்டி ஓட்டாதே. கோபம் வந்தால் நின்றிருந்தால் உட்கார், உட்கார்ந்திருந்தால் படு என்ற ஹதீஸ் உனக்கு நான் சொல்லித் தந்ததுதான். திரும்பவும் சொல்கிறேன், உட்கார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ கழிந்து பெரிய மாமா நம் பக்கத்துக்குக் குளச்சல் போகிறார். அவர்கள் பக்கத்துக்கு மருமகளின் மூத்த காக்கா இருப்பார். நீ அதற்கு முன்னால் மாமாவுக்குப் போன் செய்து நடந்ததை நடந்தபடி சொல். என்னிடம் சொல்ல முடியாததையும் அவரிடம் சொல்.

உம்மா