பெயிண்ட் பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். மழை வருமுன்னே முழங்கால் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க நீ கைபேசியில் அனுப்பிய பட்டியலைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லித் தாளில் எழுதி வாங்கினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். பதினொரு பொருள். அவற்றில் மூன்றைத் தவிர எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கோத்தகிரி கடைவீதியில் 22 வருடம் பெயிண்ட் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். எவன் அடுத்த வருடம் அதே சுவருக்கு மறுபடியும் வந்து நிற்பான் என்பது அவன் வாங்கும் பொருளைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். உன் பட்டியலோடு ஒருவன் வந்திருந்தால் அவன் பெயரைக் கணக்கு நோட்டில் நிரந்தரமாக எழுதி வைத்திருப்பேன்.

முதல் தவறு பொருளில் இல்லை, மாதத்தில். தீபாவளி விடுமுறையோடு நான்கு நாள் சேர்த்து முடித்துவிடலாம் என்கிறாய். ஐதராபாத்தில் அப்போது வெயில் அடிக்கும். இங்கே? தென்மேற்கு மழை கூடலூர்ப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு நம்மிடம் வரும்போது சாரலாகிவிடும். நமக்கு அடைமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். 2009 நவம்பரில் மலை சரிந்து சாலையெல்லாம் அடைபட்டபோது நீ கல்லூரி விடுதியிலிருந்து வர முடியாமல் தவித்தது மறந்துவிட்டதா? எமல்ஷன் பெயிண்ட் என்பது தண்ணீரில் மிதக்கிற பிளாஸ்டிக் துகள். தண்ணீர் வெளியேறி, துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இழைந்தால்தான் அது தோலாகும். அதற்குச் சுவரில் 10 டிகிரி சூடாவது வேண்டும், காற்றில் ஈரம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மூடுபனி சன்னல் வழியாக வீட்டுக்குள் நடந்துவரும் மாதத்தில் அடித்தால் காயாது, பிசுபிசுக்கும், பிறகு வழியும். தை பிறக்கட்டும். தையிலும் காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மூன்று மணிக்குள் பிரஷ்ஷைக் கழுவிவிட வேண்டும்.

இரண்டாவது, வீடு ஒன்றுதான், ஆனால் சுவர் இரண்டு வகை. உன் தாத்தா கட்டிய முன்பகுதி கருங்கல்லும் மண்ணும், மேலே சுண்ணாம்புப் பூச்சு. பின்னால் இருக்கிற இரண்டு அறைகள் 1994இல் நாங்கள் செங்கல்லும் சிமென்டும் வைத்துக் கட்டியவை. நீ இரண்டுக்கும் சேர்த்து 20 லிட்டர் பளபள எமல்ஷன் எழுதியிருக்கிறாய். பழைய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, காற்றில் விட்டு, அப்படியே எண்பது வருடமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. அதன்மேல் பிளாஸ்டிக் தோலைப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூக்கும், பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து விழும். கூடத்தின் வடக்கு மூலையில் நீ பத்தாவது படிக்கும்போது ஒருமுறை ஆசைப்பட்டு ரோஸ் நிறம் அடித்தோமே, அங்கே இன்றைக்கும் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டிருக்கிறது.

பழைய பகுதிக்குச் சுண்ணாம்புதான். நீ சிரிப்பாய் என்று தெரியும். பணமில்லாத காலத்துச் சமாச்சாரம் என்று நினைக்கிறாய். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அது அவசரமாகக் காய்ந்தால் பொடியாக உதிரும், மெதுவாகக் காய்ந்தால் இறுகும். நம் ஊர் ஈரம் எமல்ஷனுக்கு எதிரி, சுண்ணாம்புக்குச் சொந்தக்காரன். பால் போல நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, சுவரை நனைத்து, மூன்று கை அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே கை அடிப்பவன் சோம்பேறி. கொஞ்சம் நீலம் போட்டால் வெள்ளை எடுப்பாக இருக்கும். ரோஸ் நிறம் இருக்கும் இடத்தில் மட்டும் பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டியாக வேண்டும், பிளாஸ்டிக்கின்மேல் சுண்ணாம்பு நிற்காது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கலக்கக் கூடாது, தெறித்தால் கண் போய்விடும்.

பின்னறைகளுக்கு எமல்ஷன் சரி. ஆனால் மலைச்சரிவை ஒட்டிய சுவர் இருக்கிறதே, அதில் போன வாரம் ஒரு சோதனை செய்தேன். ஒரு அடிச் சதுரத்துக்குப் பாலிதீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, மறுநாள் காலையில் பார்த்தேன். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர். அப்படியென்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அடுப்படிச் சுவரிலும் ஒட்டினேன். அங்கே வெளிப்பக்கம்தான் நனைந்திருந்தது, அது வெறும் சோற்று ஆவி. சன்னலைத் திறந்து வைத்தால் போதும். முதல் சுவருக்கு நீ எழுதியிருக்கும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் உதவாது. தண்ணீர் வெளியிலிருந்து தள்ளும்போது உள்ளே என்ன பூசினாலும் கொப்புளம்தான். பின்னால் கால்வாயில் மண் அடைத்துக் கிடக்கிறது, அதைத் தோண்டிவிட்டு, கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு குழாய் வைத்தால் அடுத்த கோடைக்குள் சுவர் உலரும். பெயிண்ட் காசில் பாதியை அதற்குக் கொடு. கறுப்புப் பூஞ்சணத்தை பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துவிடலாம். அதோடு கழிவறை கழுவும் ஆசிட்டைச் சேர்த்துவிடாதே, விஷ வாயு கிளம்பும்.

அளவும் உனக்கு அதிகம். ஓர் அறை பன்னிரண்டுக்குப் பத்து, உயரம் பத்து. கதவு சன்னல் கழித்தால் சுவர் சுமார் 400 சதுர அடி. இரண்டு அறைக்கு 800. இரண்டு கை அடிக்க லிட்டருக்கு அறுபது சதுர அடி என்று வைத்தால் 14 லிட்டருக்குள் முடிந்துவிடும். 10 லிட்டர் ஒன்று, 4 லிட்டர் ஒன்று. இரண்டையும் முதலிலேயே ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட வேண்டும், டப்பாவுக்கு டப்பா நிறம் நூலளவு மாறும்.

இப்போது கதவு விஷயம். இதற்காகத்தான் கடிதமே எழுத உட்கார்ந்தேன்.

அப்பா செய்த வாசல் கதவைச் சுரண்டி எடுத்து, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பளபளப்பான பி.யு., அதாவது பாலியூரிதேன் பூச்சு, அடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கூடவே என்.சி. லாக்கர் என்ற மரப்பூச்சு வேறு. லாக்கர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். என்.சி. என்றால் நைட்ரோசெல்லுலோஸ். அருவங்காட்டுத் தொழிற்சாலையில் கார்டைட் வெடிமருந்துக்குப் போகிற சரக்குக்கு அது பங்காளி. உன் மாமா அங்கே வேலை பார்த்தார், வீட்டில் லாக்கர் டப்பாவைக் கண்டாலே அடுப்பை அணைக்கச் சொல்வார். அதைவிட முக்கியம், அதன் தின்னர் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். குளிர்ந்த இடத்தில் நம் ஊர்க் காற்று நீராகப் படியும். பூச்சுக்குள் அது மாட்டிக்கொண்டு பால்வெள்ளையாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் நீ அனுப்பிய ஆள் ஆடி மாதத்தில் சன்னலுக்கு அடித்துவிட்டுப் போனானே, இன்றும் கண்புரை விழுந்த கண் போலத்தான் இருக்கிறது.

பி.யு.வை நான் வெறுக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அதுதான் சரி, சாம்பார்ச் சட்டியை அப்படியே வைக்கிற வீடு இது. தண்ணீரில் கலக்கும் ஒற்றை டப்பா வகையில், பளபளப்பு இல்லாததாக வாங்கு. இரண்டு டப்பா வகையில், பூச்சை இறுக வைக்கிற ஹார்டனரைக் கலக்க வேண்டும். அந்த ஹார்டனரின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, துணியை மூக்கில் கட்டினால் தடுக்காது. ஈரக்காற்றில் அது குமிழும் விடும்.

ஆனால் வாசல் கதவு வேறு. அது தேக்கு. அதன் வெளிப்பக்கம் சாரலிலும் வெயிலிலும் நிற்கிறது. கண்ணாடி போலப் படிகிற எந்தப் பூச்சும் அங்கே நான்கைந்து வருடத்தில் வெடிக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் போகும், அப்புறம் முழுவதையும் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. ஆளிவிதை எண்ணெய் பூசலாமே என்று உன் சித்தப்பா சொன்னார். சமவெளியில் சரி. இங்கே அதைத் தேய்த்த கடைக் கதவில் பூஞ்சணம் விருந்து சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். வெளிப்பக்கத்துக்குப் பழுப்பு நிறம் கலந்த, மரத்துக்குள் ஊறுகிற வகை வுட் ஸ்டெயின் வேண்டும். நிறம் இருப்பதால்தான் வெயில் தடுக்கப்படும், முழுத் தெளிவானது தடுக்காது. அது உரியாது, மங்கும். மங்கினால் கழுவிவிட்டு இன்னொரு கை, தீர்ந்தது வேலை.

உட்பக்கம் அப்பா அரக்குப் பாலீஷ் போட்டது. அதைத் தொடாதே. அரக்கின்மேல் அரக்கு போட்டால் பழையது ஸ்பிரிட்டில் இளகிப் புதியதோடு ஒன்றாகிவிடும், சுரண்டவே வேண்டாம். கரைத்து விற்கும் பாட்டிலை வாங்காதே. கரைத்து ஆறேழு மாதமானால் ஒட்டிக்கொண்டே இருக்கும், காயாது. செதிலாக வாங்கி, தேவைக்கு மட்டும் ஸ்பிரிட்டில் ஊறவைக்கலாம். கைப்பிடிக்குப் பக்கத்தில் கறுத்த இடம் ஒன்று இருக்கும். அது அழுக்கு இல்லை. இருபத்தைந்து வருடம் அப்பா கை வைத்துத் தள்ளிய இடம். அங்கே உப்புத்தாள் போடுகிறவன் கையை ஒடிப்பேன்.

மழைக்காலத்தில் கதவு ஊதிக்கொண்டு மாட்டுகிறது என்று அப்பா ஆனி மாதத்தில் இழைப்புளியை எடுப்பார். நான் வேண்டாம் என்பேன், கேட்க மாட்டார். மாசியில் மரம் சுருங்கும், கீழே எலி நுழையும். பல வருடம் சண்டை போட்ட பிறகு கடைக்கு வந்த ஒரு பெரிய மேஸ்திரிதான் காரணத்தைச் சொன்னார். யாரும் கதவின் அடிப்பக்கத்துக்கும் உச்சிக்கும் பூசுவதில்லை. மரம் தண்ணீரைக் குடிப்பது அந்த வெட்டு முனைகளின் வழியாகத்தான். தையில் கதவைக் கீலிலிருந்து கழற்றி, உலரவிட்டு, அப்புறம் தேவையென்றால் மட்டும் ஒரு சீவு சீவி, ஆறு பக்கமும் பூச வேண்டும். கீல் உட்காரும் பள்ளத்தையும் சேர்த்து. அப்பா அதைச் செய்ய நினைத்த வருடத்தில்தான் படுத்துவிட்டார்.

பின் சன்னல்களின் பச்சை எனாமல் பழையது. பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பேத்தி தவழ்கிற வயது, எதை எடுத்தாலும் வாயில் வைப்பாள். காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பவோ, நெருப்புக் காட்டி உரிக்கவோ வேண்டாம். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, சேற்றை ஈரத்துணியில் துடைத்து, கட்டி வைக்க வேண்டும். என் கேரட் பாத்தியில் கொட்டினால் தெரியும். அந்த இரண்டு நாளும் மருமகளும் குழந்தையும் அத்தை வீட்டில் இருக்கட்டும்.

துத்தநாகம் பூசிய புதுத் தகரத்துக்கு நேரடியாக எனாமல் அடிக்காதே, துத்தநாகம் அதை உரித்துத் தள்ளிவிடும். அதற்கென்று தனிப் பிரைமர் இருக்கிறது. எனாமலுக்கு டர்பன்டைன், லாக்கருக்குத்தான் தின்னர். இரண்டையும் மாற்றினால் பெயிண்ட் தயிர் போல முறியும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியை எங்கே பார்த்தாலும் சுருட்டி வைக்காதே. அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும், விரித்துக் காயப்போட வேண்டும். பிரஷ் நான் வாங்கிவிட்டேன், நீ தேர்ந்தெடுத்த செட்டில் முடி உதிர்ந்து கதவுக்கு மீசை முளைத்துவிடும்.

ஆக, மேசைக்கு பி.யு. ஒரு லிட்டர், அரக்குச் செதில் அரை கிலோ, வெளிக்கதவுக்கு ஸ்டெயின் ஒரு லிட்டர். இவற்றை மட்டும் அங்கிருந்து வாங்கி வா. எமல்ஷனும் சுண்ணாம்பும் இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். அரக்குப் பாலீஷ் தேய்க்க நல்ல, பல முறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணி வேண்டும், உள்ளே பஞ்சு வைத்துச் சுருட்டுவதற்கு. உன் பழைய வேட்டி இரண்டு இருந்தால் எடுத்து வா. அப்பாவுடையது ஒன்று பெட்டியில் இருக்கிறது. அதைக் கிழிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அன்புடன்,
அம்மா