மழைக்கு முன் ஓடு மாற்ற இன்னும் ரூ. 1,81,500 வேண்டும்: பஞ்சத்துப் பிள்ளைகளின் பட்டறை நினைவறைக்கு நன்கொடை வேண்டுகோள்

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலும் சுற்றூர்களிலும், சென்னை, மும்பை, துபாய் என்று வெளியூர்களிலும் இருக்கிற நம் ஜனங்களுக்குக் கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துதல்கள்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால், பஞ்சத்தில் அனாதையான பிள்ளைகள் தொழில் கற்ற பட்டறையின் பொருட்களை வைத்திருக்கிற நினைவறையின் கூரையைப் பிரித்து ஓடு மாற்றியாக வேண்டும். போன வருஷம் ஒழுகிய இடத்தில் வாளி வைத்துச் சமாளித்தோம். இந்த வருஷம் ஆசாரி மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "இனி வாளி தாங்காது, கைமரம் எல்லாம் கரையான் தின்னு பொடியா நிக்கி" என்று சொல்லிவிட்டார். செப்டம்பர் 30-க்குள் முன்பணம் கொடுத்தால்தான் அவர் சொன்ன விலை. அதற்கப்புறம் பேச்சு வேறு.

உள்ளே என்ன இருக்கிறது என்று இளையவர்கள் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை, நாம்தான் சொல்லித்தரவில்லை.

1876-இல் மழை பொய்த்து வந்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆளுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று 1877 தொடக்கத்தில், பஞ்ச நிலவரம் பார்க்க அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் துரை கணக்குப் போட்டார். ஒரு ராத்தல் அரைக்கிலோகூட வராது. நாள் முழுக்க மண் சுமக்கிறவனுக்கு இது காணாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்திலேயே சண்டை பிடித்தார். அந்த நேரத்திலும் துறைமுகத்தில் தானியம் கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தது. பசி விட்டவர்களைக் காலரா கொண்டுபோனது. மிஞ்சியவை பிள்ளைகள்.

1876-இல் நாசரேத்துக்கு வந்தவர் மிஷனெரி ஆர்தர் மர்காஷிஸ் ஐயர். இருபதுகளில் இருந்த வாலிபர், வைத்தியமும் படித்தவர். வந்ததும் பஞ்சம் எதிரே நின்றது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைச் சேர்த்துச் சோறு போட்டார். சோறு போட்டால் ஆயிற்றா, இவர்கள் வளர்ந்து எதைக்கொண்டு பிழைப்பார்கள் என்ற கேள்விக்குப் பதிலாக 1878-இல் ஆர்ட் இண்டஸ்ட்ரியல் பள்ளி வந்தது. தச்சு, கொல்லு, தையல், நெசவு. அந்தக் காலத்துத் தொழிற்பள்ளிகளின் வழக்கம், பாதி நாள் எழுத்தும் கணக்கும், பாதி நாள் பட்டறை. அதற்கு வெகு முன்பே இடையன்குடியில் பிஷப் கால்டுவெல்லின் மனைவி எலிசா அம்மா பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் இதே யோசனையில்தான்.

இதில் எங்கள் பெரியவர்கள் மார்தட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. உளியும் சுத்தியலும் அதுவரை அப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போன சாதித் தொழில். யார் பிள்ளை, என்ன குலம் என்று சொல்ல ஆளே இல்லாத பையன் கையில் இங்கே இழைப்புளியைக் கொடுத்தார்கள். பனையேறியின் பிள்ளையும் கூலிக்காரன் பிள்ளையும் ஒரே பலகையில் நின்று மரம் இழைத்தார்கள். எல்லாம் தேன் பால் என்று நாங்கள் சொல்லவில்லை. பசிக்கு வந்தவர்களை மதத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று அன்றே ஏச்சு இருந்தது. உறவு இருந்தும் விடுதியில் வளர்ந்த பிள்ளை இராத்திரி அழுதிருக்காதா? அந்த அழுகையையும் மறைக்காமல் சுவரில் எழுதத்தான் போகிறோம்.

நினைவறையில் இருக்கும் ஓர் இழைப்புளியைப் பாருங்கள். பெரியவர் பிடித்தால் மூன்று விரல்தான் அடங்கும். சின்னக் கைக்கென்று செதுக்கின பிடி. கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும் மரம் தேய்ந்து ஒரு புளியங்கொட்டை அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. மேலே ஒழுகுகிற தண்ணீர் இப்போது அதற்கு இரண்டடி தள்ளித்தான் சொட்டுகிறது.

சரி, கணக்கு. கைமரமும் ஓடு தாங்கும் பட்டியல் கட்டையும் மாற்ற ரூ. 1,85,000. ஓடு ரூ. 62,000. ஆசாரி, கொத்தனார் கூலி ரூ. 1,40,000. கரையான் மருந்து ரூ. 18,000. கண்ணாடி அலமாரி நான்கு, ரூ. 72,000. கரண்டு வேலை ரூ. 23,000. ஆக மொத்தம் ரூ. 5,00,000. வந்தது ரூ. 3,18,500. குறைவது ரூ. 1,81,500. அசன விருந்தன்று மேடையில் பெயர் வாசிக்கச் சொல்லிவிட்டு இன்னும் தராத தொகை மட்டும் ரூ. 46,000. பெயர் சொல்லமாட்டோம், அவரவருக்குத் தெரியும்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! மூக்குப்பீறியில் கருப்பட்டி விற்கிற அம்மா ஒருவர், வாரம் நூறு ரூபாயாகச் சுருக்குப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்து இதுவரை நாலாயிரம் சேர்த்துவிட்டார். பிள்ளையன்மனை வாலிபர்கள் கிரிக்கெட் போட்டியில் ஜெயித்த பரிசுப் பணத்தை அப்படியே கொண்டுவந்தார்கள். பிரகாசபுரத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒரு மாத பென்ஷனை விட்டுக்கொடுத்தார். அவர் வீட்டம்மாவுக்கும் சேர்த்தே நன்றி, அந்த மாதத்தைச் சமாளித்தவர் அவர்தான். ஆழ்வார்திருநகரி மரக்கடைக்காரர் நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. "பஞ்சத்துக்கு ஏது சாதி மதம்" என்று பத்துக் கைமரத்தை அசல் விலைக்குத் தருகிறார். தாராவியிலிருந்து வந்த ரூ. 51,000 இல்லையென்றால் இந்தக் கடிதத்தை எழுதும் தைரியமே எங்களுக்கு வந்திருக்காது. ஆண்டவர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1877 ஆகஸ்டில் சென்னையில் கூட்டம் போட்டு, லண்டன் மேயருக்குத் தந்தி அடித்து நன்கொடை கேட்டார்கள். லங்காஷயரின் பஞ்சாலை ஊர்களிலிருந்து பணம் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நம் ஊர் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூடத் தெரியாதவர்கள் கொடுத்தார்கள். இங்கே அந்தப் பட்டறையில் தொழில் கற்றவர்களின் பேரன் பேத்திகள் கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்கு ஆகிற செலவைக்கூட இதற்குத் தர யோசிக்கிறோம்.

ஒரு தெளிவு. பள்ளி வேறு, எங்கள் குழு வேறு. இந்த வேலைக்கான பணத்தைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ரசீது கேட்காதீர்கள். நினைவறையில் தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். வெளியூரில் இருப்பவர்கள் ஊரில் இருக்கும் உறவினர் மூலம் அனுப்பலாம். வரவுசெலவுக் கணக்கு ஒவ்வொரு ஞாயிறும் கதவில் ஒட்டப்படும்.

பணம் முடியாதவர்கள் பரணில் ஏறிப் பாருங்கள். பட்டறையில் செய்த பெட்டி, ஸ்டூல், துருப்பிடித்த உளி எது கிடந்தாலும் எடைக்குப் போட்டுவிடாமல் கொண்டுவாருங்கள். அதற்கும் ரசீது உண்டு.

இப்படிக்கு,
நினைவறைக் குழுவினர், நாசரேத்