லண்டன் மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கப்போகும் மகளுக்கு

மதுரை,
பங்குனி மாதம்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். லண்டன் மாரத்தானில் ஓட வேண்டும் என்று நீ தொலைபேசியில் சொன்ன நாளிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. பேச்சுவாக்கில் சொன்னால் பாதி விட்டுப்போகும். வேலைக்காலமெல்லாம் பள்ளிப் பெண்களை ஓட்டப் பந்தயங்களுக்குத் தயார்செய்தவள் என்ற உரிமையிலும், உன்னைப் பெற்றவள் என்ற உரிமையிலும் முறையாக எழுதிவிடுகிறேன். ஓய்வாக இருக்கும்போது ஒரே மூச்சில் படி.

நான் சொல்ல விரும்புவது அடிப்படையில் ஒன்றே ஒன்றுதான். 42.195 கிலோமீட்டர் ஓட்டத்தின் கடைசிப் பகுதி எப்படி இருக்கும் என்பது முதல் 10 கிலோமீட்டரிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த முதல் 10 கிலோமீட்டரை அடங்கி ஓடுவதற்கு வேண்டிய பொறுமையை விண்ணப்பம் போடும் நாளிலிருந்தே நீ பழக வேண்டும்.

முதலில் விண்ணப்பம். பந்தயம் ஏப்ரல் மாதப் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. அடுத்த ஆண்டுப் பந்தயத்தில் யாருக்கு இடம் என்று தேர்ந்தெடுக்கும் குலுக்கலும் ஏறத்தாழ அதே நாட்களில்தான் திறக்கிறது. திறந்திருப்பதும் சில நாட்களே. அதாவது, அடுத்த ஏப்ரலில் ஓட வேண்டும் என்றால் இந்த ஏப்ரலிலேயே பெயர் கொடுத்தாக வேண்டும். 2025 பந்தயத்துக்கு 8 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2026 பந்தயத்துக்கு அது 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஓடி முடிப்பவர்களோ ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆகவே கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை என்ற மனநிலையோடு விண்ணப்பி.

பெயர் எழுதும் இடத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. நம் ஊரில் தலைப்பெழுத்தை முன்னால் போட்டே பழகிவிட்டோம்; பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு மாதிரி என்று உன் பெயரே இரண்டு விதமாக இருக்கிறது. பந்தய எண்ணை வாங்க நீயே நேரில் போய், புகைப்படத்துடன் கூடிய அடையாள ஆவணத்தைக் காட்ட வேண்டும். உனக்காக வேறொருவர் வாங்க முடியாது. எனவே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்பு. ஒருவர் பெயரில் கிடைத்த எண்ணை இன்னொருவர் அணிந்து ஓடுவதும் கூடாது. அந்த எண்ணோடுதான் அவசரத் தொடர்பும் உடல்நலக் குறிப்புகளும் இணைந்திருக்கின்றன. யாராவது மயங்கி விழுந்தால் மருத்துவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எத்தனை மணி நேரத்தில் முடிப்பாய் என்றும் கேட்பார்கள். இதில்தான் பலருக்கு ஆசை கண்ணை மறைக்கிறது. நீ சொல்லும் நேரத்தை வைத்தே எந்தக் கூட்டத்தோடு புறப்படுவாய் என்று பிரிக்கிறார்கள். நேரத்தைக் குறைத்து எழுதினால் உன்னைவிட வேகமானவர்கள் நடுவே நிற்பாய்; அவர்கள் இழுக்கிற இழுப்பில் முதல் அரை மணி நேரத்திலேயே உன் சக்தி போய்விடும். சென்ற அக்டோபரில் நீ அரை மாரத்தானை 2 மணி 10 நிமிடத்தில் முடித்தாய். கணக்குப்படி பார்த்தால் முழு மாரத்தானுக்கு ஏறக்குறைய 4 மணி 30 நிமிடம் வரும். ஆனால் அந்தக் கணக்கு நிறைய ஓடிப் பழகிய உடம்புக்குத்தான் பொருந்தும். முதன்முறையாக ஓடுகிற நீ 4 மணி 45 நிமிடம் என்று எழுது. அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 45 விநாடி.

குலுக்கலில் இடம் கிடைக்காமல் போனால் தொண்டு நிறுவனங்களின் வழியாகவும் இடம் பெறலாம். ஆனால் அவர்களுக்காகப் பெரும்பாலும் 2,000 பவுண்டு அளவுக்கு நன்கொடை திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். உனக்கு உண்மையாகவே மனம் ஒன்றும் நோக்கம் ஏதாவது இருந்தால் மட்டும் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள். ஓட இடம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் ஏற்காதே. மான்செஸ்டர், பிரைட்டன் நகரங்களிலும் ஏப்ரலில்தான் மாரத்தான் நடக்கிறது. தூரம் எங்கும் ஒன்றுதான். என்னைக் கேட்டால், முதல் மாரத்தானுக்குக் கூட்டம் சற்றுக் குறைந்த ஊரே மேல் என்பேன். ஆயினும் லண்டன் மீது உனக்குள்ள ஆசையை நான் மறுக்கவில்லை.

முப்பது வயது கடந்துவிட்டதே என்று நீ தயங்கியது எனக்கு நினைவிருக்கிறது. 1981 மார்ச் 29-ஆம் தேதி முதல் லண்டன் மாரத்தான் நடந்தபோது பெண்களில் முதலாவதாக வந்தவர் ஜாய்ஸ் ஸ்மித். அப்போது அவருக்கு வயது 43. இரண்டு பிள்ளைகளின் தாய். 2 மணி 29 நிமிடம் 57 விநாடியில் முடித்தார். மறு ஆண்டும் அவரே வென்றார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைத்ததே 1984-இல்தான். அத்தனை தூரம் பெண்ணுடம்பு தாங்காது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயதைப் பற்றிய பேச்சை இத்துடன் விட்டுவிடு.

பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபினும், உடம்பில் சேமிப்பிலுள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் எவ்வளவு இருக்கின்றன என்று பரிசோதித்துக்கொள். நம் பெண்களுக்கு இரத்தச்சோகை மிகச் சாதாரணமாக இருக்கிறது. நீயும் கல்லூரிக் காலத்தில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டவள்தான். என்னிடம் பயிற்சி எடுத்த பெண்களில், சோம்பேறி என்று பிறர் ஏசிய பலருக்கு உண்மையில் இரத்தம்தான் குறைவாக இருந்தது. வேகம் வரவில்லை, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் இன்னும் அதிகமாக ஓடி அதைச் சரிசெய்ய முடியாது.

பந்தயத்துக்கு முந்தைய 16 வாரங்கள்தான் முறையான பயிற்சிக் காலம். ஜனவரித் தொடக்கத்திலிருந்து என்று வைத்துக்கொள். அதற்குள் வாரம் 25 முதல் 30 கிலோமீட்டர் வலியில்லாமல் ஓடும் நிலையில் நீ இருக்க வேண்டும். வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் போதும். அவற்றுள் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், அதுதான் உயிர். 14 கிலோமீட்டரில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டி, மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ 30 அல்லது 32 கிலோமீட்டரை எட்டலாம். அதற்கு மேல் பயிற்சியில் ஓட வேண்டியதில்லை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்து உடம்பைத் தேறவிடு. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே நீண்ட ஓட்டத்துக்கு உரிய வேகம். கடைசி மூன்று வாரங்கள் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்த நாட்களில் கால் துறுதுறுவென்று இருக்கும். செய்தது போதாதோ என்ற பயமும் வரும். அந்தப் பயத்துக்கு ஆட்பட்டு ஓர் அடிகூட அதிகமாக ஓடாதே.

அங்கே ஜனவரியில் காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது என்றாய். இருட்டில் ஓட நேர்ந்தால் ஒளி பட்டு மின்னும் மேலாடையும் தலைவிளக்கும் இல்லாமல் வெளியே இறங்காதே. தரையில் பனி உறைந்திருக்கும் நாளில் சாலை ஓட்டமே வேண்டாம், டிரெட்மில்லில் ஓடு. பொங்கல் விடுமுறைக்கு நீ இங்கே வரும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றினால் ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர், விடியற்காலையில் நடப்பவர்கள் நிறைய இருப்பதால் பயமும் இல்லை. ஐந்து மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் 16 கிலோமீட்டர் முடித்துவிடலாம். தண்ணீர்ப் பாட்டிலோடு நான் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். தைப்பூசத்தை ஒட்டித் தெப்பத் திருவிழா வந்தால் அங்கே ஓட இடமிருக்காது. அப்போது ரேஸ் கோர்ஸ் பக்கம் போகலாம்.

அந்த ரேஸ் கோர்ஸ் விளையாட்டரங்கில் நான் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி ஒன்றைச் சொல்கிறேன். குறுவட்டப் போட்டியிலோ மாவட்டப் போட்டியிலோ 3,000 மீட்டர் ஓட்டம் என்றால் ஏழரைச் சுற்று. விசில் ஊதியதும் ஒரு பெண் எல்லோரையும் முந்திக்கொண்டு பாய்வாள்; கூட்டம் கைதட்டும். மூன்றாவது சுற்றில் அவள் தோள்கள் காதை நோக்கி ஏறத் தொடங்கும், விரல்கள் முஷ்டியாக இறுகும். ஐந்தாவது சுற்றில் காலடிச் சத்தமே மாறிவிடும். அதுவரை மெல்லப் பட்டுக்கொண்டிருந்த பாதம் பட்பட்டென்று தரையில் அறையும். அந்தச் சத்தம் கேட்டவுடன், திரும்பிப் பார்க்காமலே, அவள் முடிந்தாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். பின்னால் அமைதியாக வந்துகொண்டிருந்தவள் கடைசிச் சுற்றில் தாண்டிப் போவாள். மூன்று கிலோமீட்டரிலேயே இப்படி என்றால், உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் தீர்ந்துபோகும் மாரத்தானில் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்.

லண்டன் பாதையோ தொடக்கத்திலேயே இறக்கமாக இருக்கிறது. கிரீனிச், பிளாக்ஹீத் பகுதியில் புறப்பட்டு முதல் 5 கிலோமீட்டருக்குள் வூலிச் பக்கம் நன்றாக இறங்குகிறது; கால் தானாக ஓடும், மூச்சும் வாங்காது. அங்கேதான் நீ கடிவாளம் பிடிக்க வேண்டும். முதல் 5 கிலோமீட்டரை 35 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடு. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையத்தில் எப்படிக் கூட்டத்தோடு அடியெடுத்து வைப்போமோ அப்படிப் போ; இடைவெளி தேடி வளைந்து நெளிந்து முந்தினால் தூரமும் கூடும், சக்தியும் விரயமாகும். 10 கிலோமீட்டர் அளவில் கட்டி சார்க் கப்பல் வரும், 20 கிலோமீட்டர் அளவில் டவர் பாலம் வரும். பாலத்தில் மக்களின் ஆரவாரம் காதைப் பிளக்குமாம். அது உன்னை விரட்ட இடம் கொடுக்காதே. பாலம் தாண்டி வலப்புறம் திரும்பியதும், எதிர்ப்புறத்தில் 35 கிலோமீட்டரைக் கடந்து திரும்பி வருகிறவர்களைப் பார்க்க நேரிடும். அவர்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். உன் கடிகாரத்தை மட்டும் பார். கேனரி வார்ஃப் பகுதியில் உயரமான கட்டடங்கள் செயற்கைக்கோள் சிக்னலை மறைப்பதால் அந்தக் கடிகாரமும் தூரத்தைத் தவறாகக் காட்டும். அங்கே சாலையோரப் பலகைகளையே நம்பு.

சாப்பாடு, தண்ணீர் விஷயத்தில் பந்தய நாளன்று புதிதாக எதையும் சோதிக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடும்போதே விழுங்குகிற மாவுச்சத்துக் கூழான ஜெல் உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை பிப்ரவரியிலேயே நீண்ட ஓட்டங்களில் பழகிப் பார்த்துவிடு. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் எடுத்துப் போகலாம். முந்தைய இரண்டு நாட்கள் கீரை, பயறு, காரம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் சோறு, ரசம், தயிர் என்று எளிமையாகச் சாப்பிடு. பந்தயத்தன்று புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே காலை உணவை முடித்துவிடு. தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் குடி. நிறையக் குடித்தால் நல்லது என்ற எண்ணம் தவறு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம். மெதுவாக ஓடுகிறவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

வெயிலைப் பற்றியும் எழுத வேண்டும். 2018-இல் பந்தய நாளன்று லண்டனில் 24.1 டிகிரி பதிவாகி, அந்தப் பந்தயத்தின் வரலாற்றிலேயே மிக வெப்பமான நாளாக ஆனது. மதுரையில் பிறந்தவளுக்கு 24 டிகிரி ஒரு வெயிலா என்று எண்ணிவிடாதே. நான்கு மாதக் குளிரில் பழகிய உடம்பு அது. மதுரை வெயிலை எப்போதோ மறந்திருக்கும். அப்படி ஒரு நாள் வாய்த்தால் நேரத்தை மறந்துவிட்டுக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூட்டியே ஓடு.

காலணியைக் கட்டைவிரலுக்கு முன்னால் சற்று இடம் இருக்கும்படி வாங்கி, பந்தயத்துக்கு முன் 80 கிலோமீட்டராவது அதில் ஓடியிரு. உள்ளாடைப் பட்டை உராயும் இடங்களில் வாசலின் பூசிக்கொள். பந்தய எண்ணை எக்ஸெல் கண்காட்சி மையத்தில் முந்தைய சில நாட்களில்தான் தருகிறார்கள், ஞாயிறன்று தருவதில்லை. சனிக்கிழமை போய் வரிசையில் நின்று காலை நோகவிடாமல், புதன் அல்லது வியாழனே விடுப்பெடுத்து வாங்கி வந்துவிடு. தொடக்க இடத்தில் நெடுநேரம் குளிரில் காத்திருக்க நேரும். கழற்றிக் கொடுத்துவிடக்கூடிய பழைய ஸ்வெட்டர் ஒன்றை அணிந்து போ.

அங்கே காலை 10 மணி என்றால் இங்கே பிற்பகல் 2.30. ஓடுகிறவர் ஒவ்வொரு 5 கிலோமீட்டரையும் எத்தனை மணிக்குக் கடந்தார் என்று செல்பேசிச் செயலியில் பார்க்க முடியுமாம். தம்பி அதை எனக்கு வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். உன் பந்தய எண்ணைக் கிடைத்த அன்றே அனுப்பு. இப்போதைக்கு இரத்தப் பரிசோதனைக்கு நாள் குறி. முடிவு வந்ததும் எண்களை அப்படியே எழுது. குலுக்கலுக்கு விண்ணப்பிக்கும் முன் நிரப்பிய படிவத்தைப் படமெடுத்து அனுப்பினால், பெயரை உன் பாஸ்போர்ட் நகலோடு நானும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா