குட்டி கேட்ட மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ நாய்க்குட்டி கேட்டபோது, "பார்க்கலாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் பேரன் நின்றிருப்பான், அவன் காதில் விழ வேண்டாமே என்றுதான். இப்போது சொல்லிவிடுகிறேன். அவன் பிறந்தநாளுக்குக் குட்டி கிடையாது. கோபித்துக்கொண்டு கடிதத்தை மூடிவிடாதே, கடைசியில் வேறு ஒரு யோசனை வைத்திருக்கிறேன்.

"ஊரையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு நாய் கொடுக்கிற மனுஷன், பெத்த பொண்ணுக்கு மட்டும் இல்லைன்னா என்ன அர்த்தம்?" என்று உன் அம்மா முனகிக்கொண்டே இருக்கிறாள். நாய் கேட்டு வருகிறவர்களிடம் கேட்கிற கேள்விகளை மனதுக்குள் உன்னிடமும் கேட்டுப் பார்த்தேன். நீ தேறவில்லை.

நீ இங்கே இருந்தபோது நம் வீட்டில் மணி ஒருவன்தான். இப்போது பின்கட்டு முழுக்க நாய்தான். மே மாதம் பிறந்து ஜனங்கள் வீடு மாற்ற ஆரம்பித்தால் நாயை எடுத்துக்கொள்ளச் சொல்லி என் போன் ஓயாது. புது ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை, மகள் பிரசவத்துக்கு வருகிறாள், முடி கொட்டுகிறது, சொறி பிடித்துவிட்டது என்று ஆளுக்கொரு காரணம். போன் செய்கிறவர்களாவது பரவாயில்லை. செய்யாதவர்கள் நேரே பைபாஸுக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்து இறக்கிவிடுகிறார்கள்.

அப்படி ஒரு லேப்ரடார். மதுரை பைபாஸில் டீக்கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். கழுத்தில் பெல்ட் இருந்த இடத்தில் மட்டும் முடி வட்டமாகத் தேய்ந்திருந்தது, பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளைக் கார் எது வந்து நின்றாலும் எழுந்து ஓடும், டிரைவர் பக்கத்துக் கதவை அண்ணாந்து பார்க்கும், திரும்பி வந்து அதே புளியமரத்தடியில் ரோட்டைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். கடைக்காரர் போட்ட பொறையை முகர்ந்ததோடு சரி. இந்த மாதிரி நாயைக் கயிற்றை எடுத்துக்கொண்டு துரத்தினால் லாரியில்தான் போய் விழும். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முட்டைக்கு மூக்கு என் முழங்கையில் இடித்தது.

காதைப் புரட்டினால் ஆமணக்கு விதையைக் கொட்டி வைத்தது போல உண்ணி. ஈறு வெளுத்துக் கிடந்தது. அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியும், ஆனாலும் ரத்தம் எடுத்துப் பார்க்காமல் டாக்டர் வாயைத் திறக்க மாட்டார். ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ரொம்பக் குறைந்திருந்தன. டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஒரு மாதம். வெறும் வயிற்றில் கொடுத்தால் கக்கிவிடும், சோற்று உருண்டைக்குள் வைத்துத்தான் தள்ள வேண்டும்.

வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி தெருவில் விடுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஹெல்மெட் போடாமல் போனால் 1,000 ரூபாய். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

காலையில் முதல் வேலை சமையல். அரிசி, கறிக்கடையில் சல்லிசாகக் கிடைக்கிற கோழிக் கழுத்தும் தோலும், பூசணி, மஞ்சள் தூள். உப்பு, வெங்காயம் கிடையாது. வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும், அதனால் ஒன்று விடாமல் பொறுக்கிவிட வேண்டும். உன் அம்மா திட்டிக்கொண்டேதான் துழாவுகிறாள். என்னைத் துழாவ விட்டால் அடிப்பிடிக்கிறதாம்.

வாசலில் அட்டைப்பெட்டி இருக்கிற காலைகளும் உண்டு. திறந்தால் குட்டிகள், பெரும்பாலும் பெட்டைகள். கடுவன் குட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், பெட்டை குட்டி போட்டுவிடுமாம். கருத்தடை ஆபரேஷன் என்று ஒன்று இருக்கிறதே என்றால், "அதுக்கு மாட்டாஸ்பத்திரிக்கு யாருங்க அலையுறது" என்கிறார்கள். பெட்டியில் ஒன்று சாப்பிடாமல் மூலையில் சுருண்டால் எனக்கு வயிறு கலங்கிவிடும். பார்வோ என்கிற தொற்றுநோய். முதலில் வாந்தி, அப்புறம் ரத்தபேதி. அந்த நாற்றத்தைப் பக்கத்துத் தெருவிலிருந்தே கண்டுபிடிப்பேன். பெரும்பாலும் டிரிப்ஸ் ஏற்றி உட்கார்ந்து பார்ப்பதுதான் வைத்தியம். கிருமி மண்ணிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் என்பதால் குட்டிகளுக்குத் தனி அறை, அங்கே போகத் தனிச் செருப்பு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் ஒரு வாளி. எல்லாம் செய்தும் சில பெட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழாகிறது. குட்டிக்கு ஒன்றரை, இரண்டு மாதத்தில் தடுப்பூசி ஆரம்பித்து, நாலு மாதம் வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று போட வேண்டும். ஊசி முடிகிற வரை மற்ற நாய்கள் நடமாடுகிற தெருவில் இறக்கிவிட முடியாது. அதுவரை உன் நாலாவது மாடி வீட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மூத்திரம் போகும், பல் முளைக்கிறபோது செருப்பு, சோபா, பேரனின் விரல் எல்லாவற்றையும் கடிக்கும். யார் துடைப்பது? சமைக்க வருகிற அம்மாவா? நாய் பன்னிரண்டு, பதினாலு வருஷம் இருக்கும். அவன் காலேஜ் போன பிறகும் அதைக் கீழே கூட்டிக்கொண்டு இறங்கப் போவது நீதான்.

யோசனை இதுதான்: கருப்பியை எடுத்துக்கொள்.

பழைய வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்ட ஆரம்பித்தபோது ஒரு குடும்பம் அங்கேயே விட்டுவிட்டுப் போன நாட்டு நாய். பல்லைப் பார்த்து ஐந்தாறு வயசு என்றார் டாக்டர். ஆபரேஷன் ஆகிவிட்டது, காது நுனியில் சின்னதாக வெட்டு இருக்கும், அதுதான் அடையாளம். வெறிநாய்க்கடி ஊசி வருஷா வருஷம் தவறாமல் போட்டிருக்கிறேன். பகல் முழுக்கத் தூங்குவாள், காலையிலும் மாலையிலும் வெளியே கூட்டிப்போனால் வீட்டுக்குள் ஒரு சொட்டு விட மாட்டாள். துடைப்பத்தைக் கையில் எடுத்தால் மட்டும் கட்டிலுக்கடியில் போய்விடுவாள், பழைய வீட்டில் என்ன நடந்ததோ. கறுப்பு, பெட்டை, வயசானது என்று இவளை யாரும் கேட்பதில்லை. தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் என்று தேடி வந்து பிஸ்கட் போடுகிறவர்களிடம், வீட்டுக்கே கூட்டிப்போங்களேன் என்றால் "வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்பார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆயுத பூஜை லீவுக்கு மூன்று பேரும் வாருங்கள். தீபாவளிக்கு வேண்டாம், வெடிச் சத்தத்தில் அவளே நடுங்கிக்கொண்டிருப்பாள். பேரன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கக் கூடாது, தரையில் உட்காரட்டும், அவளாக வருவாள். எந்த நாயின் நகம் பட்டாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று இப்போதே சொல்லிவை. சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரி.

உங்கள் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் ஏதாவது சொன்னால், வளர்ப்பு நாய்க்குத் தடை போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தக் காகிதத்தை நீட்டிச் சண்டையில் ஆரம்பிக்காதே. நாளைக்கு அதே லிஃப்டில்தான் போக வேண்டும்.

தத்தெடுப்பு ஃபார்ம் இத்துடன் இருக்கிறது. மூவருக்கும் சம்மதமா என்ற கட்டத்தில் மாப்பிள்ளை தன் கையால் எழுத வேண்டும், ஆதார் நகலும் வேண்டும். பெங்களூரில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் வீட்டைப் பார்க்க வருவார், நீ என் மகள் என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்பதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல். அதற்கு முன்னால் பால்கனிக்கு வலை அடித்துப் போட்டோ அனுப்பு.

மாப்பிள்ளையை என்னிடம் பேசச் சொல். ராத்திரி ஒன்பதுக்கு மேல் என்றால் நல்லது, அதற்குள் மருந்து கொடுக்கிற வேலை முடிந்திருக்கும்.

அப்பா