இரண்டாம் தவணை முடிவில் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்தது. தமிழ் மொழித் தினப் போட்டியிலும் விளையாட்டுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பாடசாலைக்குப் பெயர் வாங்கித் தந்தார்கள். நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. மழைக்கு ஒழுகிய தரம் 8 வகுப்பறைத் தகரத்தைப் பெற்றோர் சிலர் சிரமதானமாக மாற்றிக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் நன்றி. தவணைப் பரீட்சை அறிக்கையை இத்துடன் அனுப்புகிறோம். கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

அந்த அறிக்கையில் புள்ளிகளுக்குக் கீழே 'வராத நாட்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தயவுசெய்து முதலில் அதைப் பாருங்கள். இந்தக் கடிதத்தை முக்கியமாக எழுதுவதே அதற்காகத்தான்.

பாடசாலை வருடத்துக்கு ஏறக்குறைய 200 நாட்கள் நடக்கிறது. கிழமைக்கு ஒரு நாள் வராமல் நின்றால் வருடத்துக்கு 40 நாட்கள்.  அது இரண்டு மாதப் படிப்பு. தரம் 13 முடிவில் வரும் உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலமாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும். 200இல் 40 போனால் மிச்சம் 160, சரியாக 80 வீதம். அதற்கு மேல் ஒரே ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் பிள்ளை எல்லைக்குக் கீழே போய்விடும்.

தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் இது வேறு விதமாகத் தாக்குகிறது. உயர்தரம் படிக்க 6 பாடங்களில் சித்தி வேண்டும். அதில் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம். 3 பாடங்களிலாவது திறமைச் சித்தி (C அல்லது அதற்கு மேல்) இருக்க வேண்டும். மற்றப் பாடங்களில் நன்றாகச் செய்துவிட்டுக் கணிதத்தில் சித்திக்கு வேண்டிய 35 புள்ளி எடுக்காமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. வரலாற்றுப் பாடம் தவறினால் கூட்டாளியின் கொப்பியைப் பார்த்து எழுதிப் படித்துக்கொள்ளலாம். கணிதம் அப்படி வராது. தரம் 10 கொப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காரணிப்படுத்தல் படிப்பித்த இரண்டு நாட்களுக்கும் பக்கம் வெறுமை. மூன்றாம் நாள் வந்த பிள்ளை 'இருபடிச் சமன்பாடுகள்' என்று தலைப்பெழுதி, அடிமட்டம் வைத்துக் கோடும் போட்டிருக்கிறது. முதல் வரி கரும்பலகையைப் பார்த்து எழுதியது. நடு உறுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டிய இரண்டாம் வரியில் கை நின்றுவிட்டது. அடுத்த ஆறு கணக்குகளும் முதல் வரியோடு நிற்கின்றன. "இவனுக்குக் கணக்கு ஏறாது" என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அந்த இரண்டு நாள் பாடத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் இரண்டாம் வரியைப் பிள்ளையே எழுதிவிடும்.

பல்கலைக்கழக அனுமதியில் 5 வீத இடங்கள் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளன. நுவரெலியாவும் பதுளையும் அதில் இருக்கின்றன. அதை நம் பிள்ளைகள் எட்டிப் பிடிக்க வேண்டுமானால் முதலில் சாதாரண தரக் கணிதத்தைத் தாண்ட வேண்டும்.

நம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி வீட்டிலிருந்து வருகிறவர்கள் இல்லை. கடைவீதியிலிருந்து ஐந்து நிமிடத்தில் நடந்து வருபவர்கள் உண்டு. தோட்டத்தின் மேல் டிவிசன் லயங்களிலிருந்து (வரிசை வீடுகளிலிருந்து) தேயிலை மலை இறங்கி பஸ் பிடித்து வருபவர்கள் உண்டு. அம்மா வெளிநாட்டிலும் அப்பா கொழும்பிலும் இருக்க, அப்பாயி, அம்மாயியிடம் வளர்பவர்களும் உண்டு. வரவு இடாப்பைப் புரட்டினால் வராத காரணமும் அப்படியே பிரிகிறது. மேல் டிவிசன் பிள்ளைகளை மழையும் பஸ்ஸும் நிறுத்துகின்றன. பிள்ளைக் காம்பரா (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையம்) பூட்டியிருக்கும் நாளில் தம்பி தங்கையைப் பார்க்க மூத்த பெண்பிள்ளை நிற்கிறாள். தரம் 10, 11 ஆண்பிள்ளைகள் கரட் பிடுங்கவும் கழுவவும் நாள் கூலிக்குப் போகிறார்கள். மூன்று நாள் ஆடித் திருவிழா ஒரு கிழமை லீவாகிவிடுகிறது.

மழைக்கும் பஸ்ஸுக்கும் பாடசாலை இறங்கி வரும். பிந்தி வரும் பிள்ளையை வாசலில் நிறுத்த மாட்டோம். ஒரு மாற்று உடுப்பைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்து அனுப்புங்கள். மூன்றாம் தவணையிலிருந்து தரம் 10, 11 கணிதப் பாடம் முதல் இரண்டு பாடவேளைகளில் இருக்காது. இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் சீசன் டிக்கெட் விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுத்தால் அன்றைக்கே உறுதிப்படுத்தித் தருவோம். திருவிழாவுக்குத் தேர் அன்றும் மறுநாளும் நிற்கட்டும். அதற்கு முன்கூட்டியே கடிதம் வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். 5 முதல் 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது சட்டப்படி உங்கள் கடமை. 16 வயது நிறையாத பிள்ளையைக் கூலிக்கோ, கொழும்புக் கடைக்கோ, வீட்டு வேலைக்கோ அனுப்பச் சட்டம் இடம் தராது. தகவல் இல்லாமல் 3 நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் தொலைபேசியில் கேட்பார். ஒரு கிழமையானால் வீட்டுக்கு வருவோம். அதற்குப் பிறகும் வராவிட்டால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவிப்பேன். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

தொலைபேசியில் கேட்பதற்குச் சரியான இலக்கம் வேண்டும். சிம் மாற்றியவர்கள் பலர் எங்களுக்குச் சொல்லவில்லை. இத்துடன் உள்ள தகவல் படிவத்தில் இப்போது பாவிக்கும் இலக்கத்தையும், பிள்ளை உண்மையில் யாருடன் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அம்மா வெளிநாட்டில் இருந்தால் அம்மாயியின் பெயரையே போடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. 15 வயது நிறைந்தவர்கள் தேசிய அடையாள அட்டைக்காகப் பிறப்புச் சான்றிதழையும் கொண்டுவர வேண்டும். அதிலுள்ள பெயரும் பாடசாலைப் பதிவிலுள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் இப்போதே சொல்லுங்கள். பரீட்சை விண்ணப்பம் போன பிறகு திருத்துவதற்கு அலைச்சல் அதிகம்.

பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு) போகுமுன் இருட்டில் எழுந்து ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்து, பிள்ளையைப் பாதை வரை கொண்டுவந்து விடுகிற தாய்மார் நம் பாடசாலையில் நிறையப் பேர். வயதான காலத்தில் பேரப்பிள்ளையின் கொப்பிக்கு உறை போட்டுத் தருகிற அம்மாயிமாரும் இருக்கிறார்கள். உங்களுக்கு ஆசிரியர்கள் எல்லோர் சார்பிலும் மனமார்ந்த நன்றி. வீட்டில் உள்ள சங்கடம் எதுவானாலும் லீவு போடுமுன் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேலைநாளில் வர முடியாதவர்களுக்காகத் தவணை தொடங்கியதும் முதல் இரண்டு சனிக்கிழமைகளும் காலையில் அலுவலகத்தில் இருப்பேன். படிவத்தை அப்போதும் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
அதிபர்