மூத்த குடிமக்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஒன்று மட்டும் மழையால் தள்ளிப்போனது. பொங்கல் விழாவும் கண் பரிசோதனை முகாமும் நல்லபடியாக முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்து ரத்தக்குழாயில் வரும் அடைப்பைப் பற்றி. இந்த ஆண்டு நம்மில் இருவருக்கு அதற்குச் சிகிச்சை நடந்தது. வீடு திரும்பிய சில நாட்களிலேயே இருவரும் மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது. அவர்கள் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

முதலாமவருக்குக் கழுத்தைத் திறந்து, குழாய்க்குள் படிந்திருந்த கொழுப்பை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "அடைப்புதான் போயாச்சே" என்று பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள், ஆபரேஷன் செய்த பக்கமே மண்டையைப் பிளக்கும் வலி. குறைந்த ரத்தத்துக்குப் பழகிய மூளைக்குள் திடீரென முழு ஓட்டம் பாயும்போது பி.பி.யும் ஏறினால் இப்படி ஆகுமாம். வலிப்பு, மூளையில் ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். மகள் தாமதிக்காமல் ஆட்டோ பிடித்ததால் தப்பித்தார்.

இரண்டாமவருக்குத் தொடை வழியாகக் கொண்டுபோய், கழுத்துக் குழாயின் அடைப்பில் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்தார்கள். கழுத்தில் அந்த இடத்தில்தான் பி.பி.யை உணரும் நரம்புகள் இருக்கின்றன. ஸ்டென்ட் அவற்றை அழுத்தினால் பி.பி. இறங்கும். அதனால் டாக்டர் மாத்திரையைக் குறைத்திருந்தார். இவரோ பழைய டப்பாவிலிருந்து பழைய கணக்கிலேயே போட்டு, குளியலறை வாசலில் சரிந்தார்.

இதையொட்டி ஒரு நரம்பியல் மருத்துவரைப் பேச அழைத்தோம். "ஆபரேஷனா ஸ்டென்டா, எது நல்லது?" என்றுதான் எல்லாரும் கேட்டோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,502 பேரிடம் நடந்து 2010இல் வெளியான, இரண்டையும் ஒப்பிட்ட கிரெஸ்ட் ஆய்வைச் சொன்னார். சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்ட் வைத்தவர்களில் 4.1%, ஆபரேஷன் செய்தவர்களில் 2.3%. மாரடைப்போ தலைகீழ்: 1.1%, 2.3%. எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஆபரேஷன் பக்கமே சாய்வு. வடைக்கு எழுந்து போனவர்களுக்காக இதையே இன்னொரு முறையும் பொறுமையாகச் சொன்னார்.

எனக்கென்னவோ நம் இருவர் விஷயத்தில் கத்தியா ஸ்டென்டா என்பதைவிட மாத்திரை டப்பாதான் வினை செய்தது. அதனால் டிஸ்சார்ஜ் ஆகி வரும் உறுப்பினர் வீட்டுக்குச் செயற்குழுவில் ஒருவர் போய், மருந்துச் சீட்டையும் டப்பாவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்துள்ளோம்.

கடைசியாக ஒன்று. சங்கத்தின் பி.பி. கருவியைத் தீபாவளிக்கு முன் யாரோ வாங்கிப் போனீர்கள். பதிவேட்டில் கையெழுத்து புரியவில்லை. தயவுசெய்து திருப்பித் தரவும்.

செயலாளர்